பத்து மதிப்பெண் பள்ளியும் ஒரு லட்சத்து இருபதாயிரம் டாலரும்

கேள்வி: நாங்கள் எட்டு ஆண்டுகளாக நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசனில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். கணவருடைய வேலை டாலஸ் நகருக்கு வடக்கே மாறுவதால், வரும் ஜூலையில் அங்கே குடிபெயர்ந்து முதன்முறையாகச் சொந்த வீடு வாங்க நினைக்கிறோம். மகள் ஏழாம் வகுப்பு முடிக்கப்போகிறாள்; கணக்கில் வகுப்புக்கு ஒரு படி மேலான பிரிவில் இருக்கிறாள். மகனுக்கு அக்டோபரில் ஐந்து வயது நிறைகிறது. வீட்டில் தமிழ் மட்டுமே பேசுவதால் அவனுக்கு ஆங்கிலம் இன்னும் பிடிபடவில்லை. இரண்டு வீடுகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று, இணையத்தில் பத்துக்குப் பத்து காட்டும் தொடக்கப் பள்ளியின் எல்லைக்குள் இருக்கும் பழைய, சிறிய வீடு. மற்றொன்று, பத்துக்கு ஏழு காட்டும் பள்ளியின் எல்லைக்குள் வருவது. விலை 1,20,000 டாலர் குறைவு, கணவரின் அலுவலகமும் பக்கம். “பள்ளிக்காகத்தானே வீடு, கண்ணை மூடிக்கொண்டு பத்தை எடுங்கள்” என்கிறார்கள் நண்பர்கள். எந்தப் பள்ளி நல்லது என்று வீட்டு முகவரிடம் கேட்டால் மழுப்புகிறார். நாங்கள் எதை வைத்து முடிவெடுப்பது?
— இரு குழந்தைகளின் தாய்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசிக் குறையிலிருந்தே தொடங்குகிறேன். முகவர் மழுப்பவில்லை, சட்டத்துக்குப் பயப்படுகிறார். வீடு வாங்க வருகிறவரை இனம், மதம், பிறந்த நாடு போன்றவற்றை வைத்து ஒரு பகுதிக்குத் தள்ளுவதையும் இன்னொரு பகுதியிலிருந்து விலக்குவதையும் 1968ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டம் தடுக்கிறது. “அங்கே பள்ளி நல்லது, இங்கே சுமார்” என்ற பேச்சு, அங்கே யார் வசிக்கிறார்கள், இங்கே யார் வசிக்கிறார்கள் என்பதையே சுற்றிவளைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ளப்படலாம் என்பதால், கவனமுள்ள முகவர்கள் அரசின் தரவுகளைப் பார்க்கச் சொல்லிவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது என்பது, நீங்கள் பார்த்த பத்தும் ஏழும் எப்படிக் கணக்கிடப்படுகின்றன என்று பார்த்தால் விளங்கும்.

அதற்கு முன் ஒரு திருத்தம். எடிசனில் ஊரும் பள்ளி மாவட்டமும் ஒன்றே. ஊர்ப் பெயரைச் சொன்னால் மாவட்டத்தைச் சொன்னதாகிவிடும். டெக்சாஸில் அப்படியில்லை. அங்கே ‘இண்டிபெண்டன்ட் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்’ என்று அழைக்கப்படும் பள்ளி மாவட்டம், பெயருக்கேற்ப நகராட்சியிலிருந்து விலகி நிற்கும் தனி அரசு அமைப்பு. தனக்கென்று எல்லை, தனக்கென்று வாரியம், தனக்கென்று வரி விதிக்கும் அதிகாரம் உடையது. ஃபிரிஸ்கோ நகருக்குள்ளேயே ஒரு தெரு ஃபிரிஸ்கோ மாவட்டத்திலும், இன்னொன்று லூயிஸ்வில் மாவட்டத்திலும், வேறொன்று பிராஸ்பர் மாவட்டத்திலும் இருக்கக்கூடும். பிளேனோ முகவரியுள்ள வீடுகள் எல்லாம் பிளேனோ மாவட்டத்தைச் சேர்ந்தவை அல்ல. ஆகவே வீட்டு விளம்பரத்தில் அச்சாகியிருக்கும் பள்ளிப் பெயரை நம்பாமல், முழு முகவரியை அந்தந்தப் பள்ளி மாவட்டத்தின் இணையதளத்தில் உள்ள முகவரித் தேடலில் இட்டுப் பாருங்கள். பிறகு சேர்க்கை அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, “இந்த முகவரிக்கு, வரும் கல்வியாண்டில், இந்த வகுப்பில் இடம் இருக்கிறதா, அல்லது நிரம்பிவிட்டதென்று வேறு பள்ளிக்கு அனுப்புகிறீர்களா?” என்று கேளுங்கள். நான்காம் வகுப்பு வரை ஒரு வகுப்பறையில் 22 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது டெக்சாஸ் விதி. விலக்கு வாங்கும் மாவட்டங்கள் உண்டு என்றாலும், புதிய குடியிருப்புகள் முளைக்கும் பகுதிகளில் பள்ளி நிரம்பி, அதன் வாசலுக்கு எதிரே வீடு வாங்கியவரின் குழந்தை பேருந்து ஏறி வேறு பள்ளிக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி அந்த எண்கள். வீடு விற்கும் தளங்களில் தெரியும் பள்ளி மதிப்பெண் பெரும்பாலும் 1998இல் தொடங்கப்பட்ட கிரேட்ஸ்கூல்ஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பினுடையது. மாணவர்களின் முன்னேற்றம் போன்ற வேறு அளவுகளையும் அது காலப்போக்கில் சேர்த்துக்கொண்டிருக்கிறது. எனினும் அடித்தளம் மாநிலத் தேர்வு மதிப்பெண்கள்தான். தேர்வு மதிப்பெண்ணோ, பள்ளி என்ன கற்றுக்கொடுத்தது என்பதோடு பிள்ளை எந்த வீட்டிலிருந்து வந்தான் என்பதையும் சேர்த்தே காட்டும். பின்னதன் பங்கு சிறிதல்ல. ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் அமெரிக்க அரசுக்காக நடந்து 1966இல் வெளிவந்த பெரிய ஆய்வு, மாணவர்களின் சாதனையில் காணும் வேறுபாட்டுக்குப் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியே அதிகம் காரணம் என்று சொல்லி அக்காலத்தில் பலரை அதிரவைத்தது. அதன்பின் வந்தவர்கள் அந்த முடிவோடு நிறைய வாதாடியிருக்கிறார்கள். ஆனால் பொறியாளர்களும் மருத்துவர்களும் நிறைந்த தெருக்களுக்கு நடுவே இருக்கும் பள்ளி, தான் பெரிதாக எதுவும் செய்யாமலேயே உயர்ந்த எண்ணைக் காட்டிவிட முடியும் என்பதை மறுப்பவர்கள் குறைவு.

இதன் மறுபக்கத்தைக் காட்டுவது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் செய்த வேலை. நாடு முழுவதுமுள்ள பள்ளி மாவட்டங்களில் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை மாணவர்கள் எவ்வளவு வளர்ந்தார்கள் என்று அவர் கணக்கிட்டபோது, சராசரி மதிப்பெண் உயர்ந்த மாவட்டமும் வளர்ச்சி உயர்ந்த மாவட்டமும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை என்பது தெரிந்தது. மற்றவர் இளக்காரமாகப் பேசும் சிகாகோ மாவட்டத்தில், 2009க்கும் 2014க்கும் இடையே, அந்த ஐந்து ஆண்டுகளில் மாணவர்கள் ஏறத்தாழ ஆறு ஆண்டுப் படிப்புக்கு ஈடாக முன்னேறியிருந்தார்கள். சராசரி அப்போதும் தாழ்வாகவே இருந்தது. ஏனென்றால் அவர்கள் தொடங்கிய இடம் அவ்வளவு தாழ்வு. உங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பயன்படப்போவது பள்ளி தரும் வளர்ச்சி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் சராசரி அல்ல.

டெக்சாஸ் கல்வித் துறை தரும் ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரையான தரவரிசையில் இந்தப் பிரிவினை ஓரளவு வெளிப்படையாகவே இருக்கிறது. மாணவர் சாதனை, பள்ளியின் முன்னேற்றம், மாணவர் பிரிவுகளுக்கிடையேயான இடைவெளியைக் குறைத்தல் என்று மூன்று பகுதிகள் உண்டு. முதல் இரண்டில் எது மேலோ அதற்கு 70 விழுக்காடு, மூன்றாவதற்கு 30 விழுக்காடு. மொத்த எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு நகராமல் உள்ளே புகுந்து, சாதனையில் பெயர் வாங்கி முன்னேற்றத்தில் தேங்கும் பள்ளி எது, சாதனையில் நடுத்தரமாக இருந்து முன்னேற்றத்தில் ஏறும் பள்ளி எது என்று பாருங்கள். இரண்டாவது வகையை நான் விரும்புவேன். இன்னொன்றும் உண்டு. இப்போதைய மாநிலத் தேர்வான ‘ஸ்டார்’ 2027-28 கல்வியாண்டிலிருந்து வேறு தேர்வுகளுக்கு இடம் கொடுக்கும் என்று 2025இல் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. அந்தத் தேர்வு மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. உங்கள் மகன் மூன்றாம் வகுப்புக்கு வரும்போது, இன்று நீங்கள் 1,20,000 டாலர் கொடுக்கத் தயாராகும் பத்து என்ற எண்ணைப் பிறப்பித்த தேர்வே இருக்காது.

அரசுத் தரவுகளில் வேறு எதைப் பார்க்கலாம்? மாநிலம் ஆண்டுதோறும் ஒவ்வொரு பள்ளிக்கும் வெளியிடும் விரிவான அறிக்கையில், ஆசிரியர்களின் அனுபவ ஆண்டுகள், முதலாண்டு ஆசிரியர்களின் பங்கு, ஆண்டின் நடுவே வந்துபோகும் மாணவர்களின் விழுக்காடு ஆகியவை இருக்கும். பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வராதவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கையும் தேடிப் பாருங்கள். ஆசிரியர்கள் தங்குகிறார்களா, மாணவர்கள் வருகிறார்களா என்ற இந்த இரண்டு கேள்விகளும் எனக்கு மற்ற எல்லா எண்களையும்விடப் பெரியவை. ‘ஆசிரியர் – மாணவர் விகிதம்’ என்பதில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். சிறப்புக் கல்வி ஆசிரியர், இசை ஆசிரியர் என்று பலரும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவதால், விகிதம் பதினைந்து என்று காட்டும் பள்ளியிலும் வகுப்பறையில் இருபத்தைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது இதுதான்: நீங்கள் ஒப்பிடும் இரண்டு எண்களும் தொடக்கப் பள்ளிகளுடையவை. உங்கள் மகள் தொடக்கப் பள்ளியில் காலடி எடுத்து வைக்கப்போவதே இல்லை. அவள் ஆகஸ்டில் எட்டாம் வகுப்பில் சேர்வாள். அது பெரும்பாலான இடங்களில் நடுநிலைப் பள்ளியின் கடைசி ஆண்டு. தோழிகளை விட்டுவிட்டுப் புதிய மாநிலத்தில் நுழைகிற பெண், ஒரே ஆண்டில் அந்தப் பள்ளியையும் விட்டு உயர்நிலைப் பள்ளிக்குப் போவாள். பிளேனோ மாவட்டமாக இருந்தால் ஒன்பதும் பத்தும் ஒரு கட்டடம், பதினொன்றும் பன்னிரண்டும் இன்னொரு கட்டடம். ஆக ஐந்து ஆண்டுகளில் மூன்று பள்ளிகள். சில பிள்ளைகளுக்கு அது புதிய தொடக்கம், சிலருக்குத் தாங்க முடியாத அலைச்சல். உங்கள் பெண் எந்த வகை என்று உங்களுக்குத்தான் தெரியும். பக்கத்திலேயே உள்ள ஆலன் மாவட்டத்தில் ஒரே உயர்நிலைப் பள்ளி, மாணவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். ஃபிரிஸ்கோ மாவட்டம் அதற்கு நேர்மாறாக, அளவில் சிறிய பல உயர்நிலைப் பள்ளிகளைக் கட்டும் கொள்கையை நெடுங்காலம் வைத்திருந்தது. இந்த வேறுபாடுகள் எதையும் பத்துக்கு இத்தனை என்ற எண் சொல்லாது.

கல்லூரி வாசல்வரை நீளும் ஒரு விதியையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1997இல் இயற்றப்பட்ட சட்டப்படி, டெக்சாஸின் உயர்நிலைப் பள்ளிகளில் தம் வகுப்பின் முதல் 10 விழுக்காட்டுக்குள் வருகிறவர்களுக்கு மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் உண்டு. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் வரம்பு குறுகலானது. 2026 இலையுதிர்காலச் சேர்க்கையிலிருந்து அது முதல் 5 விழுக்காடு. வகுப்பில் 500 பேர் என்றால் 25 பேர். உங்கள் நண்பர்கள் புகழும் அந்தப் போட்டி மிகுந்த பள்ளியில், ஒவ்வொரு பாடத்திலும் தொண்ணூற்றைந்துக்கு மேல் வாங்கும் பெண் அறுபதாவது இடத்தில் நிற்பதும், கொஞ்சம் தள்ளியிருக்கும் பள்ளியில் அதே மதிப்பெண்ணோடு பதினைந்தாவது இடத்தில் நிற்பதும் நடக்கக்கூடியவை. தானாகக் கிடைப்பது பல்கலைக்கழகத்தில் இடம் மட்டுமே, கேட்கும் துறையில் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்; கணினி அறிவியல் போன்ற துறைகளின் கதவு தனி. தரவரிசைக்காகவே எளிய பள்ளியைத் தேடச் சொல்லவில்லை. கடினமாக உழைக்கும் வகுப்புத் தோழர்களோடு படிப்பதில் கிடைக்கும் பழக்கத்துக்கும் விலை உண்டு. ஆனால் ‘பத்து’ என்பதில் லாபம் மட்டுமே இருக்கிறது என்று எண்ணிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆகவே இரண்டு வீடுகளுக்கும் உரிய உயர்நிலைப் பள்ளி எது என்று கண்டுபிடித்து, அவற்றின் ஆலோசகர்களிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஏழாம் வகுப்பில் அவள் படித்த கணக்கை வைத்து எட்டாம் வகுப்பில் ‘அல்ஜீப்ரா 1’ என்ற பாடத்தில் நேரடியாகச் சேர்ப்பார்களா, தேர்வு வைப்பார்களா? வேறு மாநிலத்தில் படித்த உயர்நிலைப் பாடங்களுக்குத் தரவரிசைக் கணக்கில் என்ன எடை தருவார்கள்? கூடுதல் எடையுள்ள பாடங்களை விரும்புகிற எவரும் எடுக்கலாமா, அல்லது முன்னதாகவே ஒரு வரிசையில் சேர்ந்திருக்க வேண்டுமா? கணக்கின் பாதை நடுநிலைப் பள்ளியிலேயே பிரிந்துவிடுகிறது. தவறான படியில் நிறுத்தப்பட்ட பிள்ளை மேலேறப் பிறகு ஒரு கோடை விடுமுறையைச் செலவழிக்க நேரும்.

மகனைப் பொறுத்தவரை உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. டெக்சாஸில் செப்டம்பர் 1 அன்று ஐந்து வயது நிறைந்திருந்தால்தான் கிண்டர்கார்ட்டன். அக்டோபரில் பிறந்தவன் அடுத்த ஆண்டுதான் சேர முடியும். இந்த ஓராண்டுக்கு அரசுப் பள்ளிகளின் இலவச முன்மழலை வகுப்பு எல்லாருக்கும் கிடையாது. ஆனால் ஆங்கிலம் பேசவும் புரிந்துகொள்ளவும் இயலாத நான்கு வயதுக் குழந்தைக்கு அதில் உரிமை உண்டு. குடும்ப வருமானம் அதற்குத் தடையல்ல. சேர்க்கையின்போது வீட்டு மொழி பற்றிய படிவம் ஒன்று தருவார்கள். பிள்ளையைப் பின்தங்கியவன் என்று ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் நம்மவர்கள் அதில் ‘ஆங்கிலம்’ என்று எழுதிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அப்படி எழுதினால் அந்த வகுப்பும் கிடைக்காது, ஆங்கிலத்துக்கான உதவியும் கிடைக்காது. ‘தமிழ்’ என்று உண்மையை எழுதுங்கள்.

வீட்டுக்கு வருகிறேன். பள்ளி எல்லைக் கோட்டுக்கு விலை உண்டு என்பது மெய். பாஸ்டனைச் சுற்றியுள்ள புறநகர்களில், ஒரே மாவட்டத்துக்குள் எல்லைக் கோட்டின் இரு பக்கமும் இருந்த வீடுகளை ஒப்பிட்ட பொருளாதார அறிஞர் சாண்ட்ரா பிளாக், தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு கூடினால் பெற்றோர் வீட்டுக்கு ஏறத்தாழ 2.5 விழுக்காடு அதிகம் கொடுக்கிறார்கள் என்று 1999இல் எழுதினார். விற்கும்போது அந்தப் பணம் திரும்பி வரும் என்பார்கள். கோடு நகராமல் இருந்தால் வரலாம். வாரியங்கள் எல்லையை மாற்றும். பள்ளிகளை மூடவும் செய்யும். பெயர் பெற்ற மாவட்டங்களான பிளேனோவும் லூயிஸ்வில்லும், மாணவர் எண்ணிக்கை சரிந்ததால் பல பள்ளிகளை மூட 2024இல் முடிவெடுத்தன. வீட்டு விலை ஏறியதால் சிறு குழந்தைகள் உள்ள இளம் குடும்பங்கள் பழைய பகுதிகளுக்குள் வர முடிவதில்லை, ஏற்கெனவே இருப்பவர்களின் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், வகுப்பறைகள் காலியாகின்றன. நீங்கள் பார்த்திருப்பது பழைய வீடு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மாவட்டங்கள் மக்கள்தொகை ஆய்வாளரிடம் வாங்கும் கணிப்பு அறிக்கைகள் வாரியக் கூட்ட ஆவணங்களில் பொதுவில் கிடைக்கும். அந்தத் தொடக்கப் பள்ளியில் இன்னும் ஐந்தாண்டில் எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள் என்று அதில் பார்க்கலாம். என் முதல் வீட்டை நானும் ஒரு எண்ணைப் பார்த்துத்தான் வாங்கினேன். மூன்றாம் ஆண்டில் கோடு எங்கள் தெருவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

அந்த 1,20,000 டாலர் வாங்கும் நாளோடு முடிவதும் இல்லை. டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. சொத்து வரியில் பெரும்பங்கு பள்ளி மாவட்டத்துக்குரியது. மொத்த விகிதம் 2 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், விலை வேறுபாட்டுக்கு மட்டும் ஆண்டுக்கு 2,400 டாலர் கூடுதல் வரி, கடன் வட்டி தனி. சொந்தக் குடியிருப்புக்குப் பள்ளி வரியில் 1,40,000 டாலர் மதிப்பு வரை விலக்கு உண்டு. அது இரண்டு வீடுகளுக்கும் பொது. பணக்கார மாவட்டத்தில் கட்டும் வரி முழுவதும் நம் பிள்ளையின் பள்ளிக்கே போகும் என்பதும் சரியல்ல. 1993 முதல், சொத்து மதிப்பு மிகுந்த மாவட்டங்கள் வசூலின் ஒரு பகுதியை மாநிலத்துக்குக் கொடுக்க வேண்டும். இரண்டாவது வீடு புதிய குடியிருப்பில் இருந்தால், அடிப்படை வசதிகளுக்கான சிறப்பு வரி ஏதும் அதன்மேல் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மலிவாகத் தெரிந்தது அங்கே சமன் ஆகிவிடலாம்.

என் முடிவைக் கேட்டால், இந்த ஜூலையில் இரண்டு வீடுகளையும் வாங்க மாட்டேன். மகளுக்குப் பொருந்தும் உயர்நிலைப் பள்ளியின் எல்லைக்குள் ஓராண்டு வாடகைக்குப் போவேன். அவள் எட்டாம் வகுப்பை முடிப்பதற்குள் பள்ளியும் சாலையும் அயலாரும் தெரிந்துவிடும். மகனின் கிண்டர்கார்ட்டனும் அடுத்த ஆண்டுதான் என்பதால் அவனுக்கு எந்த இழப்பும் இல்லை. பிறகு அதே எல்லைக்குள் வாங்கினால் அவள் பள்ளி மாற வேண்டியதில்லை. இப்போதே வாங்கியாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இருந்தால், உயர்நிலைப் பள்ளிகள் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் நிலையில், ஏழு மதிப்பெண் வீட்டை எடுப்பேன். தந்தை மாலையில் ஒரு மணி நேரம் முன்னதாக வீடு வந்து சேர்வதும், கடன் சுமை நெருக்காத வீடும், அல்ஜீப்ரா படிக்கும் பெண்ணுக்கும் ஆங்கிலம் தொடங்கும் பையனுக்கும் மூன்று மதிப்பெண் வித்தியாசத்தைவிட அதிகம் செய்யும் என்பது இருபது ஆண்டுகள் பள்ளி ஆலோசகராக இருந்த என் எண்ணம். உயர்நிலைப் பள்ளிகள் இரண்டும் மிகவும் வேறுபட்டால், இந்தக் கணக்கு மாறும்.

எதையும் முடிவு செய்வதற்குள் ஒருமுறை நேரில் போய்வாருங்கள். பள்ளி நடக்கும் மே மாத வாரநாள் ஒன்றில் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செல்வது நல்லது. முதல்வர் எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். பள்ளி விடும் நேரத்தில் வெளியே நின்று, பிள்ளைகள் எப்படி வெளியே வருகிறார்கள், ஆசிரியர்கள் அவர்களிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். பள்ளியிலிருந்து வீட்டுக்கு எவ்வளவு தூரம் என்றும் அளந்துகொள்ளுங்கள். இரண்டு மைலுக்குள் இருந்தால் பல மாவட்டங்களில் பேருந்து வராது.

நியூ ஜெர்சியில் பள்ளி ஜூன் கடைசியில்தான் முடியும், டெக்சாஸில் ஆகஸ்ட் நடுவிலேயே தொடங்கிவிடும். இடையில் ஏழு வாரங்கள்கூட இருக்காது. எனவே ஜூனிலேயே மகளின் மதிப்பெண் பட்டியலோடு, அவள் படித்த கணக்குப் பாடத்தின் விவரக் குறிப்பையும் ஆசிரியரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்று, தடுப்பூசிப் பதிவு, வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுப் பத்திரம், அந்த முகவரிக்கு வந்த மின்கட்டண ரசீது ஆகியவை சேர்க்கைக்கு வேண்டியிருக்கும். விசா விவரத்தைக் கேட்பார்களோ என்று கவலைப்பட வேண்டாம். டெக்சாஸின் டைலர் பள்ளி மாவட்டத்தில் தொடங்கிய வழக்கில், குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி எந்தக் குழந்தைக்கும் பள்ளிக் கதவை அடைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1982இலேயே தீர்ப்பளித்துவிட்டது.